டயருக்கு எத்தனை டிகிரி

எங்கள் வண்டியின் டயர் எத்தனை டிகிரி சூடாக இருக்கிறது என்று எந்த நேரத்தில் கேட்டாலும் என் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். எனக்கு எத்தனை டிகிரி என்று கேட்டால் விழிப்பார். இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. ஒரு சக்களத்தி வந்திருந்தால் ஊர் என் பக்கம் நின்றிருக்கும். டயரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவளுக்கு யார் பஞ்சாயத்து பேச வருவார்கள்?

சங்கரன்கோவில் ரத வீதியில் இருக்கும் ஜவுளிக்கடையை மகன் கையில் கொடுத்த பிறகு அவருக்கு ஊர் சுற்றும் ஆசை வந்தது. லாட்ஜ் படுக்கை அவருக்கு ஆகாது. ராஜபாளையத்தில் ஒரு பட்டறையில் சொல்லி, ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற மாதிரி இரண்டு சக்கரத்தில் ஒரு சின்ன வீடு செய்து வாங்கினார். உள்ளே கட்டில், அடுப்பு, ஒரு ஜன்னல். பார்க்க வந்த பெண்கள், "ஒங்களுக்கென்ன மதினி, ராணி மாதிரி போவிய" என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வெள்ளோட்டமாகத் திருவேங்கடம் வரை போனோம். திரும்பும்போது பின்வண்டியின் ஒரு டயரில் காற்று இறங்கிவிட்டது. முன்னால் ஓட்டுகிறவருக்கு அது தெரியவே இல்லை. எதிரே வந்த பஸ்காரர் கையைக் காட்டிக் கத்திய பிறகுதான் நிறுத்தினோம். டயர் நார் நாராகக் கிழிந்து கிடந்தது. அன்றைக்கு அவர் முகம் போன போக்கை எங்கள் கல்யாண நாளிலிருந்து நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரமே அந்தக் கருவி வந்துவிட்டது. டயரில் காற்றடிக்கும் வால்வின் மூடியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பொத்தான் அளவுக்கு ஒரு சென்சாரைத் திருகி வைக்க வேண்டும். டயருக்கு ஒன்று. காற்று எவ்வளவு, சூடு எவ்வளவு என்று அது அனுப்பிக்கொண்டே இருக்கும். ஜீப்பில் கண்ணாடிக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு திரை, அதில் எண்கள் ஓடும். அன்றோடு என் காலம் முடிந்தது.

காப்பி ஆறினால்கூட எழுந்திருக்காத மனிதர், வெயில் ஏறுவதற்கு முன்னால் காற்றைப் பார்த்தால்தான் சரியான கணக்கு என்று விடிந்ததும் வாசலுக்குப் போய்விடுவார். ஓட ஓடச் சூட்டில் காற்று கூடும், பயந்து இறக்கிவிடக் கூடாது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வகுப்பெடுப்பார். ஒரு பக்கம் மட்டும் சூடு ஏறினால் பிரேக் பிடித்திருக்கிறதா, பேரிங் போய்விட்டதா என்று குப்புறப் படுத்துப் பார்ப்பார். எனக்கு முழங்கால் வீங்கியபோது நின்றுகொண்டே, "தைலம் தேச்சியா?" என்று கேட்டவர் இவர்தான்.

போன ஆவணியில் மகளைப் பார்க்க ராமநாதபுரம் புறப்பட்டோம். எனக்கு முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே உடம்பு காய்ந்தது. நான் சொல்லவில்லை. அவராகக் கண்டுபிடிக்கிறாரா பார்ப்போம் என்று வீம்பு. கழுகுமலை தாண்டும் வரை பொறுப்போம் என்று நினைத்தேன். கோவில்பட்டியும் போனது. அவர் கண் ரோட்டிலும் திரையிலுமாக இருந்தது.

"வலது நாப்பத்தெட்டு, இடது நாப்பத்தி நாலு. வெயில் அந்தப் பக்கம் அடிக்கில்லா, அதான்" என்றார், நான் கேட்டது போல.

எட்டயபுரம் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினார். எனக்கு டீ கசந்தது, ஒரு வாயோடு கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். அவர் அதைப் பார்க்காமல் வாழைப்பழம் வாங்கப் போனார். எனக்கு வந்த கோபத்துக்கு நேரே போய் வலது டயரின் சென்சாரைத் திருகிக் கழற்றினேன். புஸ்ஸென்று கொஞ்சம் காற்று வந்து நின்றது. சென்சாரைக் கைக்குள் பொத்திக்கொண்டு வந்து என் சீட்டில் உட்கார்ந்தேன். இனி அந்தத் திரை வாயடைத்துக் கிடக்கும் என்று நினைத்தேன்.

அவர் வந்து வண்டியைக் கிளப்பியதும் அது வீலென்று கத்தியது. வலதுபக்கம் காற்று சைபர். அவர் குதித்து ஓடினார். டயர் கல்லு மாதிரி நின்றது. திரும்பி ஓடி வந்தார்.

"சென்சார எவனோ கழத்திட்டான் ஏட்டி! ஆனா பக்கத்துலதான் இருக்கான், நம்பர் வந்துக்கிட்டே இருக்கு பாரு." திரையை உற்றுப் பார்த்தார். "சூடு முப்பத்தொம்பது காட்டுது. ரோட்டுல கெடந்தா ஏறணும், நெழல்ல கெடந்தா எறங்கணும். இது அசையாம நிக்கி. எவன் கையிலயோதான் இருக்கு."

டீக்கடை பெஞ்சில் இருந்த நாலு பேரையும் போலீஸ்காரர் மாதிரி பார்த்தார். இனியும் சும்மா இருந்தால் அங்கே அடிதடியாகிவிடும். மடியில் வைத்திருந்த கையை விரித்தேன்.

எடுக்க வந்தவர் சென்சாரை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தார்.

"ஏட்டி, கை இப்படிக் கொதிக்கி! எப்பருந்து?"

"நேத்துலருந்து."

"சொல்லக் கூடாதா?"

இத்தனை மாதமும் நெஞ்சுக்குள் வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. "டயரு ஒங்ககிட்ட வாயத் தொறந்து சொல்லிச்சாக்கும்? அதுக்கு மட்டும் பாக்கியள்லா!"

அவர் கோபப்படவில்லை. என் கையையும் விடவில்லை. "அது சொல்லுது ஏட்டி. நிமிசத்துக்கு ஒருக்கா சொல்லுது. காலையில கெளம்பும்போது ஒம் மூஞ்சியப் பாத்துட்டு, என்ன செய்யுதுன்னு ரெண்டு தடவ கேட்டேன். நீ என்ன சொன்ன?"

அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுப் பெண்களிடமும் மகளிடமும் இந்தக் கதையைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். அவர் கேட்டார் என்பதை மட்டும் ஒரு தடவையும் சொன்னதில்லை. ஒன்றுமில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவள் நான்தான்.