நோர்மன் மீது மூன்றாவது முறைப்பாடு

மிருகங்களை அவிழ்த்துத் திரியவிட்ட பண்ணையில் எனக்குத் தந்திருக்கும் வேலை, மனிதர்களைக் காருக்குள்ளேயே வைத்திருப்பது. பெற்றோல் ஸ்ரேசனில் நின்றவர்கள், கோப்பிக் கடை ஜன்னலில் நின்றவர்கள், கல்யாண மண்டபத்தில் கார் நிறுத்த இடம் காட்டியவர்கள் எல்லோருக்கும் நான் படும் பாடு விளங்கும். சனத்துக்கு ஒரு விசயத்தைச் சொல்லிப் பார்த்துக் களைத்தவர்கள்தானே நாமெல்லாம்.

பண்ணை ரொறொன்ரோவுக்கு வடக்கே, றிச்மண்ட் ஹில்லைத் தாண்டி இன்னும் ஒரு மணித்தியால ஓட்டம். வரிக்குதிரை, தீக்கோழி, எருமை, ஒட்டகம் எல்லாம் புல்வெளியில் தம் பாட்டில் திரியும். சனம் காரில் இருந்தபடி நடுப்பாதையால் ஊர்ந்து போகும். எனக்கு வரிக்குதிரை மாதிரிக் கோடு அடித்த ஒரு பிக்கப், ஒரு வாளி தீவனம், ஒரு கட்டு முறைப்பாட்டுத் தாள். மிருகத்தால் யாருக்காவது சேதம் என்றால் நானே போய்த் தாளை நீட்டவேண்டும். ஒரு சீசனில் ஒரு மிருகத்தின் மேல் மூன்று தாள் சேர்ந்தால், அதை மேற்கே கம்பிக்கூடு வைத்த ஒரு பண்ணைக்கு அனுப்பிவிடுவார்கள். மனேஜர் டயான் போட்ட சட்டம் இது.

நோர்மன் என்ற ஒட்டகத்தின் மேல் ஜூன் மாதமே இரண்டு தாள் விழுந்துவிட்டது. ஒன்று பிடுங்கிய வைப்பருக்கு, மற்றது ஒரு பிள்ளையின் ஐஸ்கிரீமுக்கு. எனக்கு நோர்மனில் நல்ல விருப்பம். அதை மறைக்க ஒன்றுமில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் குளிரில் நான் வைக்கோல் இறக்கிக்கொண்டு விறைத்து நின்றபோது, காற்று வந்த பக்கமாய் வந்து எனக்கு மறைப்பாக நின்றவன் அவன் ஒருத்தன்தான். வைக்கோலுக்காக நின்றிருக்கலாம். நான் விசாரிக்கவில்லை. மூன்றாவது தாள் மட்டும் விழுந்துவிடக்கூடாது என்பதுதான் அந்தக் கோடை முழுக்க என் ஒரே கவலை.

எருமை பார்க்க வந்தவர்

மட்டக்களப்பு ஐயா ஒருவர் மகள் ஓட்டிய வானில் வந்தார். எருமைகள் நின்ற இடத்தில் "தூர தேசத்து அரிய மிருகங்கள்" என்று ஆங்கிலத்தில் ஒரு பலகை. மகள் அதை வாசித்துச் சொல்ல, ஐயா எருமையைப் பார்த்தார். மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு கதவைத் திறந்து இறங்கிப்போய், ஒரு எருமையின் மடியைக் குனிந்து பார்க்கத் தொடங்கிவிட்டார். நான் ஹோர்ன் அடித்தேன். எருமை திரும்பிப் பார்த்தது. ஐயா பார்க்கவில்லை.

திறந்து கிடந்த கதவுக்குள் நோர்மன் கழுத்தை விட்டான். சீற்றில் இருந்த ஐயாவின் தொப்பியை எடுத்து ஆறுதலாகச் சப்பினான். நான் ஓடிப்போய் ஐயாவை வானுக்குள் ஏற்றிக் கதவைச் சாத்தி, மனமில்லாமல் தாளை நீட்டினேன். பேர், விலாசம், எதைப் பார்க்கும்போது என்ன நடந்தது, எல்லாம் எழுதவேணும் ஐயா என்றேன். அவர் பலகையை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். தாளைத் திருப்பித் தந்தார்.

"தொப்பி போனாப் போகட்டும் மனே. நான் ரிக்கட் எடுத்து எருமை பாக்க வந்த கதைய மட்டும் எழுத்துல வெச்சிராத."

கூரைக்குச் சட்டம் இல்லை

அடுத்தவர் மோர்னிங்சைட்டிலிருந்து வந்த பவளம் அன்ரி. இவரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வருவார். கண்ணாடியை இறக்கக்கூடாது என்று வாசலிலும் சொல்லி, பாதையிலும் நான் சைகை காட்டி, அன்ரியும் ஓம் ஓம் என்று தலையாட்டியிருந்தார். ஐந்து நிமிசம் கழித்துத் திரும்பிப் பார்க்கிறேன், காரின் கூரைக் கண்ணாடியைத் திறந்து, அதற்குள்ளால் இடுப்பு வரை எழும்பி நிற்கிறார். கையில் மரக்கறி றோல். எதிரில் நோர்மன்.

என்ன அன்ரி இது என்றேன். யன்னலைப் பற்றித்தானே சொன்னனீங்கள், கூரையைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே என்றார். நோர்மன் றோலை வாங்கி, மூன்று தரம் மென்று, யோசித்து, முழுவதையும் முன்கண்ணாடியில் துப்பினான். தப்பிவந்த மிச்சம் கூரைக்குள்ளால், கார் ஓட்டிவந்த அங்கிளின் வெள்ளைச் சேட்டில் விழுந்தது. அங்கிள் வைப்பரைப் போட்டார். நான் தாளை எடுத்தேன். அன்ரி என்னைக் கையைக் காட்டி மறித்துவிட்டு நோர்மனின் முகத்தையே கவலையோடு பார்த்தார்.

"உறைப்புக் கூடிப்போச்சு. அவனிலை பிழையில்லைத் தம்பி, அடுத்தமுறை அளவாப் போட்டுக்கொண்டு வாறன்."

காய்ச்சல்காரர்

ஒரு புதன்கிழமை. மார்க்கம் நகரில் கம்பியூட்டர் வேலை செய்யும் தம்பி ஒருவர், மனைவி பிள்ளைகளோடு வந்திருந்தார். அன்று கந்தோருக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறார். ஆனாலும் பொறுப்பான பிள்ளை. கட்டிலில் கிடந்தபடி காதை மட்டும் வீடியோக் கூட்டத்துக்குத் தருகிறேன் என்று சொல்லி, போனைக் காருக்குள் முன்னால் கொளுவி, கமராவை அணைத்துவைத்திருந்தார். வெக்கைக்குக் கண்ணாடியை நாலு விரல் இறக்கியவர், பிள்ளைகள் கேட்கக் கேட்க முழுவதையும் இறக்கிவிட்டார்.

நோர்மன் வந்தான். போனை நக்கினான். எங்கே நக்கினானோ தெரியாது, கமரா தானாய் வேலைசெய்யத் தொடங்கிவிட்டது. எட்டுப் பேர் இருந்த கூட்டத்தில் ஒன்பதாவதாக நோர்மனின் மேலுதடு. தம்பி பாய்ந்து தட்ட, போன் விழுந்து கண்ணாடி வெடித்தது. ஆனால் சத்தம் நிற்கவில்லை. சீற்றுக்குக் கீழேயிருந்து அவருடைய கந்தோர்ப் பெரியவர், உடம்பு இப்போது எப்படி இருக்கிறது என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் தாளோடு போய் நின்றேன்.

"அண்ணை, உந்தத் தாளை மடிச்சு வையுங்கோ. ஒபிசியலா நான் இப்ப கட்டில்ல."

கோயிலால் நேரே

இதுவரை தப்பினோம், இதில் தப்பமாட்டோம் என்று நான் நினைத்தது இந்த முறைதான். புதுக் கார் எடுத்த ஒரு குடும்பம். றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் கொண்டுபோய்ப் பூசை செய்து, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்து, முன்னுக்குப் பெரிய மாலையும் பொனற்றில் சந்தனமுமாய், அங்கேயிருந்து நேரே எங்கள் பண்ணைக்கு வந்துவிட்டார்கள். ரிக்கற் குடுக்கிற வெள்ளைக்காரப் பிள்ளைக்கு மாலையைப் பற்றி எதுவும் தெரியாது. அலங்காரம் வடிவாயிருக்கு என்று சொல்லி உள்ளே விட்டிருக்கிறாள்.

சாமந்திப் பூ மாலையோடு தன்னை நோக்கி ஊர்ந்து வரும் ஒரு காரை நோர்மன் தன் வாழ்நாளில் கண்டதில்லை. மாலையைத் தின்றான். சந்தனத்தை நக்கினான். மாலை கட்டியிருந்த நூல் பல்லில் சிக்க, இழுத்த இழுவையில் பல்லுப் பட்டுப் பொனற்றில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல் விழுந்தது. புருசன்காரர் கையை நீட்டித் தாளை வாங்கினார். பேர் எழுதினார். விலாசம் எழுதினார். மிருகம் என்ற இடத்தில் ஒட்டகம் என்று எழுதினார். வேலைக்காரன் கெஞ்சக்கூடாது என்பது சட்டம். அவன் வேணுமெண்டு செய்யேல்லை அண்ணை, உந்தத் தாளை எழுதினால் அவனை அனுப்பிப்போடுவினம் என்று கெஞ்சினேன். அவர் பேனையை நிறுத்தவில்லை. பக்கத்து சீற்றிலிருந்து மனைவி குனிந்து தாளை உருவி எடுத்து நாலாய் மடித்தார்.

"இஞ்சாருங்கோ, பிள்ளையாற்றை மாலையைத் திண்டவனைப் பற்றி எழுதாதேங்கோ. இவ்வளவு வடிவான காருக்குக் கண்ணூறு நாவூறு கழிய ஒரு கீறல் வேணும்தானே."

தமிழில் வந்த தாள்

அதற்குப் பிறகு எனக்குத் துணிவில்லை. சனி ஞாயிறுகளில் வான்கள் வரத் தொடங்கியதும் வாளியைக் காட்டி நோர்மனைக் கூட்டிக்கொண்டுபோய், வைக்கோல் கொட்டிலுக்குப் பின்னால் பின்னேரம் வரை வைத்திருந்தேன். டயானுக்குச் சொல்லவில்லை. ஒக்டோபரில், சீசனின் கடைசி ஞாயிறு, கந்தோருக்கு வரச்சொல்லி அவளிடமிருந்து அழைப்பு. மேசையில் ஒரு முறைப்பாட்டுத் தாள். மிருகம் என்ற இடத்தில் இரண்டு திமிலோடு ஒரு படம் கீறியிருந்தது. மற்றதெல்லாம் தமிழ். கீழே பவளம் என்று கையெழுத்து. யாரோ வாசலில் கேட்டு வாங்கி எழுதிப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள், வாசித்துச் சொல் என்றாள் டயான். பக்கத்தில் நோர்மனின் கோப்பு விரித்தபடி இருந்தது.

"உறைப்புக் குறைச்சு இருபத்தைஞ்சு றோல் சுட்டுக்கொண்டு வந்தனான். மூண்டு தரம் சுத்தினோம். ஒட்டகம் வரவேயில்லை." இவ்வளவையும் மொழிபெயர்த்துவிட்டு நிறுத்தினேன். வராததும் முறைப்பாடுதான் என்று டயான் தாளைக் கோப்பில் வைக்கக் கையை நீட்டினாள். அந்தக் கடிதத்தில் இன்னும் இரண்டு வரி இருந்தது. வாசித்தால் என் வேலைக்கு ஆபத்து, வாசிக்காவிட்டால் நோர்மனுக்கு. பண்ணையில் தமிழ் தெரிந்த ஆள் நான் ஒருத்தன்தான். மிச்சத்தையும் வாசித்தேன். "கோடு போட்ட வாகனத்தில திரியிற தம்பி அவனைக் கொட்டிலுக்குப் பின்னால ஒளிச்சு வைச்சிருக்கிறதை என்ரை கண்ணாலை கண்டனான். வாயில்லாச் சீவனுக்கு இது ஞாயமில்லை."

அன்ரி றோல் பெட்டியையும் வாசலில் விட்டுப் போயிருந்தார். டயான் ஒன்றை எடுத்துக் கடித்து, முழுவதையும் தின்று முடிக்கும் வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நோர்மனின் கோப்பை மூடி அலுமாரியில் வைத்தாள். புதுக் கோப்பு ஒன்றை எடுத்து, மேலே என் பேரை எழுத்துக் கூட்டி எழுதி, அன்ரியின் தாளை அதற்குள் வைத்தாள்.

"இன்னும் இரண்டு வந்தால், மேற்கே போவது நீ."

மனிதர்களைக் காருக்குள் வைத்திருக்கச் சம்பளம் வாங்குகிறவன் ஒட்டகத்தைக் கொட்டிலுக்குப் பின்னால் வைத்திருந்த குற்றத்துக்கு இப்போது என் பேரில் ஒரு கோப்பு அலுமாரிக்குள் இருக்கிறது, நோர்மன் வெளியில்தான் திரிகிறான்.