ஸ்டெல்லா மேடத்தின் எட்டுப் பாட்டு

"யாரு பிரதர் இது பாடுறது?" என்றார் ஸ்டெல்லா மேடம், ஹெட்போனைக் கழற்றியபடி.

"நீங்கதான் மேடம்."

"நானா? நான் இவ்ளோ ஒழுங்கா என்னிக்குப் பாடுனேன்?"

பாராட்டு என்று நினைத்துச் சிரித்துவைத்தேன். ஆம்பூரில் ரெக்கார்டிங் ஸ்டூடியோ வைத்திருந்த எனக்கு அதுவரை வந்ததெல்லாம் சர்ச் பாட்டும் செருப்புக்கடை விளம்பரமும்தான். பாடியவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றே: "சுதிய நேராக்கிக் குடுங்க." நேராக்கி நேராக்கி, கோணலைக் கண்டாலே கை மவுசுக்குப் போய்விடும். கம்ப்யூட்டரில் இடம் போதாது என்று, பாடிப் பதிந்த ஒரிஜினல் டேக்கை உடனே அழித்துவிடும் நல்ல பழக்கமும் இருந்தது.

ஸ்டெல்லா மேடத்துக்கு ஷூ கம்பெனியில் தோல் தரம் பார்க்கும் வேலை. ஞாயிறுகளில் சர்ச் கொயர். மனசெல்லாம் ஜாஸ். பழைய ஆங்கில ப்ளூஸும் பாப்புமாக எட்டுப் பாட்டுகளைத் தன் ஜாஸ் பாணியில் பாடி ஆல்பமாக்க வந்தார். அடுத்த புதன்கிழமை வேலூரில் தைராய்டு ஆபரேஷன். குரல் மாறலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ப்ளூஸில் ஒரு சுரத்தைத் தொடாமல் வழுக்கி இறங்குவதுதான் அழகு. எட்டுப் பாட்டிலும் அந்த வழுக்கலையெல்லாம் நான் படிக்கட்டாக்கி வைத்திருந்தேன்.

"தோல்ல உண்ணிக்கடி, முள்ளு கீறுன வடு எல்லாம் இருக்கும் பிரதர். அத்த தேச்சி, கலர் அடிச்சா கரெக்டட் கிரெயின். பாக்க பளபளன்னு இருக்கும், மாடுன்னு சொல்ல முடியாது. என்னையும் அப்படி ஆக்கிட்டீங்க. சரி, நான் பாடுனத அப்படியே போடுங்க."

"அழிச்சிட்டேன் மேடம்."

கழுத்துக் கட்டியைத் தடவிக்கொண்டார்.

"செவ்வாக்கிழம அட்மிஷன். திங்கக்கிழம லீவு போட்டு வர்றேன். நீங்க கை வெக்காதீங்க, அது போதும்."

பின்னணிக் கீபோர்டு டிராக்கை மட்டும் நான் அழித்திருக்கவில்லை. திங்கட்கிழமை அதன்மேல் எட்டையும் வரிசையாகப் பாடினார். ஆறாவது பாட்டில் குரல் ஒரு இடத்தில் உடைந்தது. நிறுத்தவா என்று சைகை காட்டினேன். கண்ணை மூடியிருந்ததால் பார்க்கவில்லை. உடைந்த குரலோடே மேலே போனார்.

ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு மாதம் கழித்து வந்தார். பேச்சு காற்றாக வந்தது. ஆறாவது பாட்டைப் போடச் சொன்னார். அந்த உடைந்த இடம் வந்ததும் கையை உயர்த்தினார்.

"இத்த மட்டும் இன்னொரு வாட்டி போடுங்க பிரதர்."

போட்டேன். ஐந்து முறை.

இப்போதெல்லாம் எதையும் நேராக்கும் முன், இது யாருக்குக் கோணலாகப் படுகிறது என்று பாடியவரையே கேட்டுவிடுகிறேன். பாதிப் பேர், "எனக்குத்தான், நேராக்கிடுங்க" என்கிறார்கள்.