உப்பு லாரியின் வலது பக்கம்

எனக்கு எண்பத்திரண்டு நடக்கிறது. பெற்றது ஐந்து, கொழுந்தன் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஏழு. ஏழும் பட்டறைக் கரியில் புரண்டு வளர்ந்ததுகள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். லாரிக்குப் பிளேட் கட்டுகிற பிள்ளைகள் கேட்டுக்கொள்ளட்டும்.

1. இருபது மூட்டை கூட

அது இரண்டாவது உலகச் சண்டைக் காலம். திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் எங்கள் கொல்லுப்பட்டறை. வீட்டுக்காரர் உலை முன்னால் நிற்பார், நான் துருத்தியில். துருத்தி மட்டுமில்லை. பாரம் தாங்க லாரிக்கு அடியில் அடுக்குகிற ஸ்பிரிங் பிளேட்டைத் தட்டி, விரிசல் உண்டா என்று ஓசை பார்ப்பதும், அடுக்குமுன் இடையில் பசை தடவுவதும் என் வேலை. அதில் அவர்கூடக் கை வைக்கமாட்டார்.

எதிரே உப்பு மூட்டை அடுக்கி வைக்கிற கிட்டங்கி. அந்த முதலாளியிடம் ஒரு பழைய லாரி இருந்தது. தெற்கே உப்பளத்திலிருந்து நாற்பது மூட்டை ஏற்றி வரும். ஒருநாள் வழியில் வலது பின் ஸ்பிரிங்கின் மெயின் பிளேட் ஒடிந்தது. நாங்கள் கட்டியது இல்லை அது. லாரி சரிந்ததில் மூட்டைமேல் இருந்த சுமட்டுக்காரர் செல்லையா தெறித்து விழுந்து செத்துப்போனார். வலது பின்மூலைதான் எப்போதும் அவர் இருக்குமிடம். வண்டி ஓட்டியவர் தங்கையன். செல்லையா அவருடைய அக்காள் புருஷன்.

காரியம் கழிந்ததும் முதலாளி வந்தார்.

“ஆசாரியே, இனி ஒடியக் கூடாது. அறுபது மூட்டையும் தாங்கணும்.”

“நாப்பதுக்கே ஒடிஞ்ச வண்டியாக்கும் முதலாளி.”

“அதுக்குத்தானேவே உம்மகிட்ட வந்தது? நாப்பதுக்குன்னா நானே கட்டிருவேன்.”

பழைய பிளேட்டுகளைக் காய்ச்சி, இறங்கிப்போன வளைவை மறுபடி எடுத்து, எண்ணெயில் முக்கிப் பதம் வைத்தோம். ஒவ்வொரு பக்கமும் அடியில் மூன்று பிளேட் கூட்டினோம். மேலே கட்டையாக ஒரு துணை அடுக்கு, அதற்கு ஹெல்பர் என்று பேர். அடுக்கு உயர்ந்ததால், அதை ஆக்சிலோடு இறுக்குகிற யூ-போல்ட்டும் நீளமாகப் புதிதாய் அடித்தோம்.

இடையில் தடவ கிரீஸ் கிடைக்காத காலம். விழிஞ்ஞத்தில் வள்ளத்துப் பலகை இடுக்குக்குக் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி அடைப்பதைப் பார்த்திருக்கிறேன். கடல் தண்ணிக்கே நிற்கிறது, உப்பு லாரிக்கு நிற்காதா என்று நினைத்தேன். ஒரு சட்டி காய்ச்சி இரண்டு பக்கமும் தடவினேன். வேறு எவளுக்கு இந்த யோசனை வரும் என்று ஒரு நினைப்பு.

2. உச்சிவேளை

லாரி அறுபது மூட்டையோடு சாயங்காலம் வந்து சேரும். பாரத்தோடு கிட்டங்கி வாசலில் நிற்கும். விடிந்தபிறகு இறக்குவார்கள். பிளேட் அசையவில்லை. முதலாளிக்குச் சந்தோஷம்.

நாலாம் நாள் இறக்கி முடிந்ததும் நான் அளவு பார்த்தேன். சட்டத்துக்கும் ஆக்சிலுக்கும் நடுவே வைக்க ஒரு ஈர்க்கு ஒடித்து வைத்திருந்தேன். இடது பக்கம் சரியாய் நின்றது. வலது பக்கம் இரண்டு விரல்கடை குறைவு. காலி வண்டி, ஆனால் வலது மூலையில் பாரம் இருப்பதுபோல அமுங்கிக் கிடந்தது. பதம் இளகிவிட்டதோ என்று வீட்டுக்காரர் முகம் வாடினார்.

நல்ல உச்சி வெயில். வண்டிக்குப் பக்கத்தில் ஆளில்லை. முழங்காலில் கை ஊன்றி எழுந்திருக்கிற மனுஷன் முக்குவதுபோல ஒரு சத்தம் வந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கவே வலது மூலை மெல்ல எழும்பியது. இரண்டு விரல்கடை. பிறகு நின்றுவிட்டது. துட்டி கேட்கப் போன சாவு வீட்டில் புகை போட்டதுபோல ஒரு வாசனை. ஈர்க்கை வைத்தேன், சரியாய் நின்றது.

மறுநாளும் அதே. வெயில் ஒரு பக்கம் அடிக்கிறதோ என்று வண்டியைத் திருப்பி நிறுத்தினோம். அப்போதும் வலது மூலைதான் எழும்பியது.

செல்லையாதான் அந்த மூலையிலிருந்து எழும்புகிறார், இது செத்தவர் வாசனை என்று கடைத்தெருவே பயந்தது. தங்கையன் மட்டும் பயப்படவில்லை. உச்சிக்கு வந்து பின்பலகையைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்பார்.

“ஏ தங்கையா, உங்க அத்தானுக்குச் சுமட்டுக்கூலி உண்டுமா?” என்று கிட்டங்கிக் கணக்கர் கேலி பேசினார்.

“நீரு ஒளிச்சு வச்ச மூட்டைக்குக் கணக்குக் கேக்க வந்திருக்காரு. பேசி முடிச்சிட்டு இறங்கட்டும்.”

கணக்கர் கிட்டங்கிக்குள் போய்விட்டார். ஆனால் அத்தான் இறங்காமல் வண்டி எடுக்கமாட்டேன் என்று அவர் ஒரே பிடியாக நின்றார். பத்து மணிக்குக் கிளம்ப வேண்டிய லாரி உச்சி தாண்டிக் கிளம்பியது. மூன்றாம் நாள் முதலாளி பட்டறை வாசலில் வைத்தே சொல்லிவிட்டார்: “நாளைக்குப் பத்துக்கு எடுக்கலைன்னா சாவியை வச்சிட்டுப் போவலாம்.”

தங்கையன் சம்பளத்தில்தான் அவர் வீட்டிலும் அக்காள் வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

3. சட்டி வாசனை

செத்தவர் வாசனை என்று எல்லோரும் சொன்னார்களே, அது என் சட்டி வாசனை. முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று நாள் நான் வாய் திறக்கவில்லை. என் கைப்பக்குவம் தப்பு என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. முதலாளி சாவியைப் பற்றிச் சொன்னபிறகுதான் துருத்தியை விட்டு எழுந்தேன்.

“முதலாளி, தங்கையனை ஒண்ணும் சொல்லாதீங்க. அது நான் தடவின குங்கிலியம். பாரத்தோட நிக்கும்போது இறுகிப் பிளேட்டைப் பிடிச்சுக்கிடுது. மூட்டையை இறக்கினாலும் விடமாட்டேங்குது. வெயிலேறி இளகினாத்தான் விடுது.”

“பொம்பளை குழம்பு காய்ச்சினா இப்படித்தான்.”

“நான் ஓசை பார்த்த பிளேட்டு இதுவரை ஒண்ணு ஒடிஞ்சதுண்டா? இது தப்பு. என் தப்பு. இன்னைக்கே கழட்டித் தாறோம்.”

ஜாக்கி கொடுத்துக் கழற்றினோம். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினோம். ஆமணக்கெண்ணெயில் காரீயத்தூள் குழைத்துத் தடவிக் கட்டினோம். அடுத்த தடவை மூட்டை இறங்க இறங்க இரண்டு பக்கமும் சமமாக எழும்பின.

பத்து மணிக்குத் தங்கையன் இஞ்சினைப் போட்டார். போட்டவர் இறங்கி என்னிடம் வந்தார்.

“அக்கா, ரெண்டு பக்கமும் ஒரே பசைதானே தடவினீங்க?”

“ஒரே சட்டி.”

“பின்னே இடது பக்கம் ஒருநாளும் அமுங்கி இருக்கலையே, அது ஏன்?”

கழற்றியபோது இடது பக்கத்திலும் குங்கிலியம் கண்ணாடிபோல இறுகித்தான் கிடந்தது. என் நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

அவர் வண்டியைச் சுற்றிப் போய், திறந்து கிடந்த பின்பலகையைத் தூக்கிக் கொண்டி போட்டார். தூங்குகிறவர் வீட்டுக் கதவைச் சாத்துகிற மாதிரிச் சத்தமில்லாமல் போட்டார். பிறகு கிளம்பிவிட்டார்.

பட்டறைப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். புதுப் பசை, புது எண்ணெய் எதுவானாலும் ஒரு அடுக்கில் தடவிப் பாரம் வைத்து ஒருநாள் கிடத்திப் பாருங்கள். தப்பு தெரிந்த அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாத அந்த நாட்களில் ஒரு மனுஷன் செத்தவருக்காகப் பலகை திறந்துவிட்டு வெயிலில் நின்றார். இடது பக்கத்துக் காரியம் எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரியாததை நான் சொல்லித் தரமாட்டேன்.

மோளே, எழுதினதை வாசி. முழுசும் வேண்டாம். மூணு நாள் வாய் திறக்கலைன்னு சொன்னேன் பாரு, பாட்டிக்குக் குறைச்சல்னு அதை நீ விட்டிருப்பே. அந்த இடத்தை வாசி, நான் கேக்கட்டும்.