ஸ்லீவ் ஆபரேஷன்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இருபது வருடமாகத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டி-ஷர்ட்டுக்குக் கை வைத்துத் தைக்கிறேன். எங்கள் கம்பெனியில் கையை யாரும் கை என்று சொல்வதில்லை. ஸ்லீவ்தான்.

அங்கேயே அயர்ன் மாஸ்டராக இருக்கும் என் வீட்டுக்காரருக்கு நுரையீரலில் புற்றுநோய் வந்தது. முதலில் பார்த்த டாக்டர், இடது நுரையீரலை முழுசாக எடுக்க வேண்டும் என்றார். பாதி மூச்சோடு இந்த மனுஷன் எப்படி மாடி ஏறுவார், எப்படி வேலை செய்வார் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கோயமுத்தூரில் இன்னொரு டாக்டரிடம் போனோம். படங்களைப் பார்த்துவிட்டு அவர், "ஸ்லீவ் ஆபரேஷன் பண்ணலாம்மா" என்றார்.

நான் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஏனுங்க டாக்டர், நுரையீரல்ல வந்ததுக்கு எதுக்குங்க கையை எடுக்கறீங்க? அயர்ன் போடற கைங்க அது!"

டாக்டர் விழித்தார். "இது கம்பெனியில ஸ்லீவ் தைக்குதுங்க, அதான்" என்றார் வீட்டுக்காரர்.

டாக்டர் சிரித்துக்கொண்டே ஒரு தாளில் வரைந்தார். "காத்துப் போற குழாய் சட்டைக் கை மாதிரிம்மா. கட்டி இருக்கிற குழாய்த் துண்டையும் நுரையீரலோட மேல் மடலையும் மட்டும் வெட்டி எடுத்துட்டு, கீழ் மடலோட குழாயை மேலே சேர்த்துத் தச்சுருவோம். மிச்ச நுரையீரல் அவருக்கே."

தையல் என்றதும் என் கவலை வேறு பக்கம் திரும்பியது. "மேல வாய் பெருசு, கீழ வாய் சிறுசா இருக்குமுங்களே. சுருக்கம் விழுந்தா?" பெரிய வாயில் மிஞ்சும் துணியை ஒரே இடத்தில் பிடித்துத் தைத்தால் எங்களிடம் பீஸ் ரிஜெக்ட். சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட்டு விட வேண்டும்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நாங்களும் அப்படித்தாம்மா பங்கிட்டுத் தைக்கிறோம். இதுல கஷ்டமே அதுதான்."

"காத்து கசிஞ்சா?"

"தண்ணி ஊத்தி, காத்தடிச்சுப் பார்ப்போம். குமிழி வந்தா மறுபடி தையல்."

"அப்பச் சரிங்க" என்றேன்.

"ஏம்புள்ள, ஆபரேஷன் உனக்கா எனக்கா?" என்றார் வீட்டுக்காரர்.

தையல் நன்றாகவே பிடித்தது. சில மாதம் கழித்து அவர் வேலைக்குத் திரும்பினார். எங்கள் செக்‌ஷன் மூன்றாவது மாடி. விழுந்தால் பிடிக்க நான் பின்னாலேயே ஏறினேன். "மெதுவாங்க, நின்னு போங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் ஒரே சீராக, நிற்காமல் ஏறினார்.

மேலே சூப்பர்வைசர் ஓடி வந்தார். "என்னங்கண்ணா, மூச்சு வாங்குதா?"

"எனக்கில்லீங்க. பொறகால வருது பாருங்க, அதுக்குத்தான் வாங்குது."

கைப்பிடியைப் பிடித்து இரைத்துக்கொண்டு நின்றேன். லைனில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர் ஏறியதை அத்தனை பேரும் பார்த்தார்கள் இல்லையா!