பவுலின் சொன்ன சாட்சி

உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேல்கணக்கில், மேட்டுப் பிரிவில், கத்தோலிக்கக் குடும்பங்கள் கொஞ்சம்தான். தொழிலாளர் குடியிருந்த லயங்களில் பெரும்பாலானோர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஆனாலும் அங்கே தகரக்கூரை போட்ட மாதா கோயில் ஒன்று இருந்தது. அதற்குக் கீழே வேலியடைத்து, தீர்த்தம் தெளித்து மந்திரித்த கல்லறைத் தோட்டமும் இருந்தது. சாமியார் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பூசைக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் இக்னேசியஸ் கோயிலைத் திறந்து ஞானோபதேசம் சொல்வார். செபத்தை முன்நின்று நடத்துவது பவுலின்.

பவுலின் கொழுந்தெடுக்கிறவள். படிப்பு அதிகமில்லை. ஆனால் பிரார்த்தனைகள் எல்லாம் மனப்பாடம், குரல் கணீரென்றிருக்கும். மழை தகரத்தில் கொட்டும்போதும் கடைசி வரிசைக்குக் கேட்கும். லயத்தில் யாருக்காவது உடம்பு முடியாவிட்டால் எந்தச் சாமியைக் கும்பிடுகிற வீடு என்று பார்க்காமல் போய் உட்காருவாள். பக்கத்து வீட்டுக் காளியாயிக்குப் பிரசவமானபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, துணி அலசிப் போட்டவள் அவள்தான்.

அவள் புருசன் லியனார்ட் கொழுந்து அரைக்கும் தேயிலை ஸ்டோரில் வேலை செய்தான். சாதுவான ஆள். அவர்களுக்கு ஒரே மகள், ரோசலின். ஐம்பத்திரண்டாம் வருசத்து மழையில் அந்தப் பிள்ளைக்கு வயிற்றுக்கடுப்பு கண்டது. பவுலின் அன்றைக்கே தோட்டத்து மருந்துக்காரரிடம் தூக்கிக்கொண்டு போகலாம் என்றாள். மழை விடட்டும், காலையில் போகலாம் என்றான் லியனார்ட். காலையில் போனார்கள். அதற்குள் பிள்ளைக்குக் கண் செருகிவிட்டது, உயிர் தங்கவில்லை.

அதற்குப் பிறகு லியனார்ட் பழைய லியனார்ட் இல்லை. ஸ்டோருக்குப் போவான், பாதியில் எழுந்து வந்துவிடுவான். சோற்றைப் போட்டு வைத்தால் பிசைந்துகொண்டே இருப்பான், வாயில் வைக்கமாட்டான். யார் என்ன ஆறுதல் சொன்னாலும், நான்தானே காலையில் போகலாமென்றேன் என்பான், அவ்வளவுதான் பேச்சு. பவுலின் மாதாவுக்கு நேர்த்தி வைத்தாள். காளியாயி அவனுக்காக அம்மனுக்கு விளக்கேற்றினாள். ஒன்றும் பலிக்கவில்லை.

அடுத்த வருசம் ஈஸ்டருக்கு முந்திய தவசுக் காலத்தில் ஒரு நாள் மத்தியானம் கொழுந்து நிறுத்துவிட்டு, ஆற்றுக்கு மேலே போகிற குறுக்குப் பாதையில் பவுலின் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். கீழே மடுவின் ஓரத்தில் லியனார்ட் நிற்பது தெரிந்தது. குளிக்க வந்திருக்கிறான் என்று நினைத்தாள். அவன் கம்பளியைக் கழற்றி மடித்துப் பாறைமேல் வைத்தான். நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான். பிறகு தண்ணீரில் இறங்கி நடந்தான். நடந்துகொண்டே போனான். பவுலின் கத்திக்கொண்டு சரிவில் விழுந்தடித்து இறங்கி வருவதற்குள் மடு மூடிக்கொண்டது.

உடலைக் கரையேற்றிய பிறகு மரண விசாரணைக்கு வந்தவர் கங்காணியிடம் இரண்டு வார்த்தை கேட்டார். தவறி விழுந்தான் என்று எழுதி முடித்துவிட்டுப் போனார். பவுலினை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் லயம் முழுக்கக் கிசுகிசுத்தது. வேண்டுமென்றே உயிரை விட்டவனுக்குக் கோயில் அடக்கம் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் லியனார்டின் தம்பி சந்தியாகுவும் உபதேசியார் இக்னேசியஸும் அவளிடம் வந்தார்கள். சந்தியாகுவுக்கு அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. உபதேசியார்தான் பேசினார்.

"காலையில சாமி வருவாரு. ஒங்கிட்டதான் கேப்பாரு பவுலின். கால் வழுக்கிருச்சுன்னு சொல்லு. அதுக்கு மேல ஒண்ணும் பேசாத."

சரியென்று தலையாட்டினாள். மனதார ஒப்புக்கொண்டுதான் ஆட்டினாள்.

சாமியார் வெள்ளைக்காரர், வயதானவர். நல்ல தமிழ் பேசுவார். கோபக்காரர் இல்லை, ஆனால் சட்டத்தை விட்டு இம்மியும் நகரமாட்டார். கோயிலுக்குள் பவுலினை உட்காரவைத்து, நடந்தது என்னவென்று தணிந்த குரலில் கேட்டார். உபதேசியாரும் சந்தியாகுவும் வாசற்படி அருகே நின்றார்கள்.

கால் வழுக்கியது என்று சொல்லத்தான் பவுலின் வாயைத் திறந்தாள். அந்த நேரம் அவளுக்கு இன்னொன்று தோன்றியது. தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் அவன் சிலுவை அடையாளம் போட்டானே! கால் வழுக்கியது என்று சொன்னால் அதை எப்படிச் சொல்வது? ஆண்டவரை நினைத்துக்கொண்டுதான் போனான் என்பது இவருக்குத் தெரியவேண்டாமா? தெரிந்தால் இவர் மனம் இளகாதா? இப்படி நினைத்துத்தான் அவள் கம்பளியில் தொடங்கி, கண்டதைக் கண்டபடி சொன்னாள்.

சாமியார் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, தெரிந்தே செய்திருக்கிறான், நான் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். அவருடைய குரலும் உடைந்துதான் இருந்தது. அவளுக்காகத் தனியாகச் செபிப்பதாகச் சொன்னார். மணியடிக்க வேண்டாமென்று உபதேசியாரிடம் சொல்லிவிட்டு, கார் நின்ற பாதைக்கு இறங்கிப் போனார்.

லியனார்டை வேலிக்கு வெளியே, டர்பன்டைன் மரங்களுக்கு அடியில் புதைத்தார்கள். மகள் வேலிக்கு உள்ளே கிடந்தாள். கோயில்காரர்களில் வந்தவர்கள் சிலர்தான். குழி வெட்டியதும் பெட்டியைத் தூக்கியதும் பெரும்பாலும் காளியாயியின் புருசனும் அவன் கூட்டாளிகளும். செபம் சொல்ல ஆளில்லை. பவுலின் தானே சொல்லத் தொடங்கினாள். பாதியில் குரல் அடைத்துவிட்டது.

அன்றிலிருந்து சந்தியாகு அவளோடு பேச்சை நிறுத்தினான். அவன் பெண்சாதி ஆரோக்கியம் பீலிக்குத் தண்ணீர் பிடிக்க வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கட்டின புருசனுக்காக ஒரு பொய் சொல்ல மனசு வராதவள் என்று கோயில் சனங்கள் பேசிக்கொண்டார்கள். பொய் சொல்லாதே என்று ஞாயிறு தவறாமல் கேட்கிறவர்கள்தான் அப்படிப் பேசினார்கள். கொஞ்ச நாளைக்கு வேறு யாராவது செபம் சொல்லட்டும் என்று உபதேசியார் அவளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். கொஞ்ச நாள் வருசங்களாயிற்று.

பவுலின் கோயிலை விடவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்குப் போவதற்கு முன் கோயில் வாசலைக் கூட்டினாள். முன்போலவே சீக்காளிகளின் வீடுகளுக்குப் போனாள். ஆனால் முன்பு ஆறுதலாக இருந்த செபம் இப்போது பாரமாக இருந்தது. பாவிகளாயிருக்கிற எங்களுக்காக என்று வரும்போது, அதில் லியனார்ட் உண்டா இல்லையா என்ற கேள்வி வந்து நிற்கும். அதை யாரிடம் கேட்பது? ஒருமுறை காளியாயியிடம் கேட்டாள்.

"ஒங்க சாமி கணக்கு எனக்குத் தெரியாதுக்கா," என்றாள் காளியாயி. "அண்ணன் ஒரு எறும்பக்கூட மிதிச்சதில்ல. அது எனக்குத் தெரியும்."

ஐம்பத்தெட்டில் ஆரோக்கியத்துக்குக் குறைமாதத்தில் பிள்ளை பிறந்தது. மூச்சு நிற்கப் போகிறது என்று செய்தி வந்தது. உபதேசியார் அன்று தலவாக்கலைக்குப் போயிருந்தார். சாகப்போகிற பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்க மேல்கணக்கில் வேறு யாருக்கும் சரியாகத் தெரியாது. பவுலின் ஓடினாள். சந்தியாகு வாசலை மறித்து நின்றான். உள்ளேயிருந்து ஆரோக்கியம், வரட்டும் விடுங்க என்று ஈனக்குரலில் சொன்னதும் விலகினான். பவுலின் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றி வார்த்தைகளைச் சொன்னாள். அவள் கையிலேயே அது அடங்கியது. மறுநாள் அதை வேலிக்கு உள்ளே, ரோசலினுக்குப் பக்கத்தில், மணியடித்து அடக்கம் செய்தார்கள். அதன் பிறகு ஆரோக்கியம் பீலியில் அவளைக் கண்டால் குடத்துக்கு இடம்விட்டாள். சந்தியாகு மட்டும் மாறவில்லை.

அறுபத்துமூன்றில் புதுச் சாமியார் வந்தார். நம் ஆள், இளவயது. பாவசங்கீர்த்தனத்துக்கு வெளியே, கோயில் வாசலில், பவுலின் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிள்ளை இறந்த பிறகு அவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா, மனிதரோடு பேசினாரா என்று விசாரித்தார். இல்லை என்றாள்.

"அப்ப அது புத்தி தெளிவா இருக்கிற மனுசன் செஞ்சது இல்லம்மா. நோய்தான் அவர இழுத்துட்டுப் போயிருக்கு. இதையும் அன்னைக்கே கேட்டிருந்தா உள்ளயே அடக்கம் பண்ணியிருக்கலாம்."

பவுலின் சந்தோசப்படுவாள் என்று அவர் நினைத்திருக்கவேண்டும். அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே அடக்கம் பண்ணியிருக்கலாம். நடந்ததில் பாதியைத்தான் அவள் சொல்லியிருக்கிறாள். மீதிப் பாதியை யாரும் கேட்கவில்லை, சொல்லவேண்டுமென்று அவளுக்கும் தெரியவில்லை. இத்தனை வருசமும் உண்மைக்குக் கூலி என்று அவள் சுமந்த பாரத்துக்கு இப்போது அந்தப் பேரும் இல்லாமல் போயிற்று.

அடுத்த பூசைக்குப் பிறகு சாமியார் தீர்த்தம் எடுத்துக்கொண்டு டர்பன்டைன் மரத்தடிக்கு வந்தார். மண்மேடு அமுங்கிப் புல் மூடியிருந்தது. இடத்தைக் காளியாயிதான் காட்டினாள். சாமியார் மந்திரித்தார். இந்தத் தடவை சனங்கள் நிறைய வந்திருந்தார்கள். சந்தியாகு பாதையிலேயே நின்று, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் யாரோடும் பேசாமல் இறங்கிப் போனான்.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் அவன் பவுலினின் வீட்டு வாசலுக்கு வந்தான். பத்து வருசத்துக்குப் பிறகு வந்தவனை உள்ளே வரச் சொன்னாள். வரவில்லை.

"மதினி, நீங்க பொய் சொல்லியிருக்கணும்னு நான் இப்ப நெனைக்கல," என்றான். "சாமி சொன்னதெல்லாம் கேட்டேன். ஆனா ஒங்க மொகத்தப் பாத்தா, அண்ணன மணியடிக்காம தூக்கிட்டுப் போனதுதான் வருது. என்ன செஞ்சும் போகமாட்டேங்குது. அத சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"எனக்கும் அதுதான் வருது தம்பி," என்றாள் பவுலின்.

தேத்தண்ணி ஊற்றுகிறேன் என்றாள். வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போனான். கோபமில்லாமல்தான் போனான், ஆனால் திரும்ப வரவில்லை. மறு வருசம் இந்தியாவுக்குப் போகிற ஒப்பந்தம் வந்ததும் சந்தியாகு குடும்பத்தோடு பேர் கொடுத்தான். பவுலின் கொடுக்கவில்லை. மண்ணில் புதைத்த இருவரையும் விட்டு அவள் எங்கே போவது என்று, கேட்டவர்களுக்குக் காளியாயி சொன்னாள். பவுலின் அதைக்கூடச் சொல்லவில்லை.

செபம் சொல்ல மறுபடியும் முன்னால் வரும்படி சாமியார் கூப்பிட்டார். அவள் போனாள். குரல் முன்புபோல எழும்பவில்லை. மழை பெய்தால் நடுவரிசைக்கே கேட்பதில்லை. ஆனாலும் சனங்கள் அவள் உதட்டைப் பார்த்துச் சேர்ந்து சொன்னார்கள். கப்பலேறும் நாள் வரும்வரை சந்தியாகுவும் ஆண்கள் பக்கத்துக் கடைசியில், தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருப்பான்.