ஜெஸீமா டீச்சர் மீது எனக்கிருந்த பொறாமை

சுபஹுத் தொழுகை முடிந்து முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. கற்பிட்டியில் அந்த நேரத்தில் அது பேசினால் யாரோ மௌத்தாகிவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்றேன். "ஓய்வுபெற்ற ஆசிரியை ஜெஸீமா அவர்கள்..." என்பது வரை கேட்டது. மிச்சத்தைக் காற்று அள்ளிக்கொண்டு போய்விட்டது. மிச்சம் எனக்குத் தேவைப்படவும் இல்லை.

உள்ளே வந்து உட்காருவதற்குள் தொலைபேசி அடித்தது. மதுரங்குளியில் வாழ்க்கைப்பட்டிருக்கும் எங்கள் பழைய மாணவி ஒருத்தி. "டீச்சர், எங்கட டீச்சர் போய்ட்டாங்களே!" என்று விம்மினாள். அவளுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து மனையியல் கற்பித்தவள் நான். என்னிடமே அழைப்பெடுத்து 'எங்கட டீச்சர்' என்று வேறொருவரைச் சொல்லி அழுகிறாள். அவளைத் தேற்றினேன். தேற்றிக்கொண்டிருக்கும்போதே என் நெஞ்சுக்குள் பழைய முள் ஒன்று அசைந்ததையும் உணர்ந்தேன்.

பழைய மாணவிகள் கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறேன். எனவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெஸீமா டீச்சர்மீது எனக்குப் பொறாமை இருந்தது. அவரை மண்ணில் வைத்த பிறகும் அது முழுதாகப் போய்விடவில்லை. மன்னிப்புக் கேட்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒருவரை விடாமல் பார்த்துக்கொண்டே இருப்பவள் பொறாமைக்காரிதான். அவரை என்னளவுக்குப் பார்த்தவர்கள் குறைவு.

அவருடைய குடும்பம் யுத்த காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடையோடு இங்கே வந்தது. கிடுகுக் கொட்டிலில் இருந்துகொண்டே படித்து, சுகாதாரமும் உடற்பயிற்சியும் கற்பிக்கும் ஆசிரியையாக எங்கள் பாடசாலைக்கு வந்தார். நான் இந்த ஊரில் பிறந்தவள், அவருக்கு மூத்தவள். உணவையும் உடல்நலத்தையும் முறைப்படி படித்துவிட்டு வந்திருந்தவள். அந்த விஷயங்களில் ஊர் என்னைத் தேடி வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். ஊர் அவரைத் தேடிப் போனது.

வந்த புதிதில் ஒருநாள், ஆசிரியர் அறை ஜன்னலோரம் நின்று அவர் சொன்னார்: "இந்த ஊர் ஆக்கள் குடுத்து வச்சவங்க ராத்தா. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் களப்பு. எந்தக் காத்து அடிச்சாலும் நடக்கிறதுக்கு மற்றப் பக்கம் ஒண்டு இருக்கு."

பிறந்ததிலிருந்து கடலையும் உப்பேரியான களப்பையும் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். எனக்கு அது தோன்றியதே இல்லை.

அவர் சொன்னபடியே நடந்தார். கச்சான் காற்று கடலிலிருந்து மணலை வாரி இறைக்கும் மாதங்களில் களப்போரம் நடந்தார். வாடை தொடங்கியதும் கடற்கரைக்கு மாறினார். முதலில் தனியாக, பிறகு பக்கத்து வீட்டுப் பெண்களோடு. பெண்கள் கூட்டமாக வீதியில் நடப்பதைப் பற்றிச் சிலர் முணுமுணுத்தார்கள். ஒரு பெரியவர் வழிமறித்தே கேட்டாராம். "உங்கட வீட்டு ராத்தாக்கு முழங்கால் நோவு எண்டு கேள்விப்பட்டன் காக்கா. நாளைக்கு அவங்களையும் அனுப்பி வைங்களேன்" என்றாராம் இவர். மறுவாரம் பெரியவரின் மனைவியான அந்த ராத்தாவும் நடந்தார். நான் மட்டும் போகவில்லை. அவருக்குப் பின்னால் நடக்க எனக்கு மனமில்லை.

உணவிலும் அவருக்குப் பருவம்தான் கணக்கு. மழைக்காலத்தில் இஞ்சி தட்டிப் போட்ட கொத்தமல்லித் தண்ணீர். வெயில் கொளுத்தும் மாதங்களில் ஆவாரம்பூத் தேநீர், எங்கள் மணலில் விளையும், நீர் நிறைந்த வத்தகைப் பழம். கச்சானில், காலையிலேயே வல்லாரையும் முடக்கொத்தானும் அரைத்துச் சிவப்பரிசியோடு காய்ச்சிய இலைக்கஞ்சி, கடித்துக்கொள்ளப் பனங்கட்டி. இவற்றில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிக் கற்பித்திருக்கிறேன். பிள்ளைகள் என் பாடத்தைப் பரீட்சைக்கு மனனம் செய்தார்கள். அவருடைய கஞ்சியைக் கோப்பை நீட்டி வாங்கிக் குடித்தார்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். என் வீட்டுக்குள் அவர் வந்தபோதுதான் பொறுக்க முடியவில்லை.

என் கணவர் உப்பளத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர். ஒவ்வொரு கச்சானுக்கும் அவருக்கு மூச்சு இழுக்கும். நான் காய்ச்சிக் கொடுக்கும் இலைக்கஞ்சியை, "கசக்குது" என்று தள்ளி வைத்துவிடுவார். ஒருமுறை பாடசாலை விழாவில் ஜெஸீமா டீச்சர் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நானா, உங்களுக்கு எந்த மாசம் நல்லாச் சுகம்?" என்று கேட்டார். நோயைப் பற்றித்தான் எல்லோரும் அவரிடம் விசாரிப்பார்கள். சுகத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. என் கணவர் சிறுபிள்ளை போல விரல் மடித்து யோசித்தார். "மாசி, பங்குனி" என்றார். "அந்த மாசத்தில என்ன செய்யிறீங்க? விடிய எழும்பி நடக்கிறீங்களா? நேரத்தோட தூங்குறீங்களா?" என்று கதை நீண்டது. அடுத்த வாரமே என் கணவர் நடக்கத் தொடங்கினார். ஜெஸீமா டீச்சர் வீட்டிலிருந்து கஞ்சி வாங்கி வந்து, என் கண்ணெதிரே, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.

"இது கசக்கல்லையா?" என்று கேட்டேன்.

"கசக்கிது தான்" என்றார். "ஆனா இது சுகத்துக்கு."

அந்த வருடம் அவருக்கு நெஞ்சு இலேசாகத்தான் இழுத்தது. அந்தத் துணிச்சலில், வைத்தியர் மூச்சுக்கு அடிக்கக் கொடுத்திருந்த பம்ப்பை யாருக்கும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். கச்சான் உச்சத்தில் இருந்த ஒரு பின்னேரம், முற்றத்துக் கதிரையில் இருந்தவருக்குத் திடீரென்று மூச்சு அடைத்தது. உதடு நீலமாகிவிட்டது. நான் போட்ட சத்தத்தில் முதலில் ஓடி வந்தவர் ஜெஸீமா டீச்சர்தான். த்ரீவீலரைப் பிடித்து, அவரை என் மடியில் சாய்த்துப் பிடிக்கச் சொல்லி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒட்சிசன் முகமூடியோடு கண் திறந்தவரிடம், "நான் பம்ப்ப விடச் சொன்னனா நானா? எப்ப சொன்னன்?" என்று கேட்டார். ஜெஸீமா டீச்சர் குரல் உடைந்து நான் கேட்டது அன்று ஒருமுறைதான்.

ஊர்க் கதை வேறு மாதிரிப் போனது. 'ஜெஸீமாட கஞ்சியக் குடிச்சு ரஹ்மத் டீச்சர்ட மாப்புள சாகப் போனாராம்' என்று என் பேரையும் இழுத்துப் பேசிக்கொண்டார்கள். நடைக்கு வந்த பெண்கள் குறைந்தார்கள். வந்தேறிகளுக்கு எங்கள் உடம்பைப் பற்றி என்ன தெரியும் என்றுகூட ஒருத்தி கேட்டாள். ஒரு கல்யாண வீட்டில், எல்லோர் முன்னிலையிலும், ஜெஸீமா டீச்சர் நிற்கும்போதே என்னிடம் கேட்டார்கள்: "மெய்யா டீச்சர்? அவட கஞ்சியாலயா?"

இத்தனை வருடம் நான் காத்திருந்த நேரம் அது. பதில் சொல்லாமல் பெருமூச்சு விட்டிருந்தாலே போதும், ஊர் என் பக்கம் வந்திருக்கும். அவர் முகத்தைப் பார்த்தேன். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்துக்கொண்டு நின்றார். "பம்ப்ப விட்டது என்ட மாப்புளட மடத்தனம்" என்றேன். "அவ விடச் சொல்லல்ல. அவ இல்லாட்டி நான் இண்டைக்கு வெள்ளை உடுத்தி இத்தாவில இருந்திருப்பன்." பொய்யால் அவரை வென்றிருந்தால், அது வெற்றி அல்ல என்பது எனக்கல்லவா தெரிந்திருக்கும்.

அவர் நன்றி சொல்லவில்லை. மறுநாள் வீட்டுக்கு வந்தார். குசினிக்குள் நுழைந்து என் கஞ்சியை ஒரு வாய் குடித்துப் பார்த்தார். பிறகு என் கணவரிடம், "இனி என்ட கஞ்சி உங்களுக்கு இல்ல நானா. இது என்டத விட நல்லா இருக்கு. இதையும் குடிக்கணும், பம்ப்பையும் அடிக்கணும்" என்றார்.

என் கஞ்சிதான் நல்லது என்பது எனக்கு எப்போதோ தெரியும். ஆனால் அவர் வாயால் சொன்ன பிறகுதான் என் வீட்டில் அது உண்மையானது. அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன். அடுத்த காலை, செருப்பை மாட்டிக்கொண்டு களப்போரம் நானும் போனேன். "வாங்க ராத்தா" என்றார். தினமும் வந்தவளைக் கூப்பிடுவது போலவே கூப்பிட்டார்.

போன வருடம் அவருக்குப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். ஒரு தவணை தவறாமல் கொழும்புக்குப் போய் வைத்தியம் செய்துகொண்டார். பார்க்க வந்தவர்களில் ஒருத்தி, "இவ்வளவு கவனமா இருந்த உங்களுக்கே இப்படியா?" என்று கேட்டுவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அவருக்கு வரவில்லை.

"மௌத்தாகாம இருக்கவா நான் கஞ்சி குடிச்சன்?" என்றார். "சுகமா இருந்த நாளெல்லாம் சுகமாத்தானே இருந்தன். நோன்பு பிடிச்சன், மழையில நடந்தன், பிள்ளைகளோட ஓடினன். அதுக்குத்தான் உடம்பு."

கட்டிலில் கிடந்தபோதும் அந்த அறை நோயாளியின் அறையாக இருக்கவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் தங்கள் இடுப்பு வலிக்கு யோசனை கேட்டுக்கொண்டு போனார்கள். ஒருநாள் நானும் அவரும் மட்டும் இருந்தோம். நான் வெட்டிக் கொடுத்த வத்தகைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ராத்தா, உங்களுக்கு என்மேல ஒரு கோவம் இருந்தது தானே?"

"கோவம் இல்ல" என்றேன். "பொறாமை."

அவர் சிரித்தார். இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். "அப்ப பரவாயில்ல. கோவம்தான் உடம்புக்குக் கூடாது."

"பொறாமை மட்டும் கூடுமா?"

"ஓம். அது உங்கள நடக்க வச்சதே!"

மௌத்தான அன்று காலை, குளிப்பாட்டும் அறைக்குள் போக அத்தனை பெண்கள் நின்றார்கள். அவர் மகள் ஸஹ்ரா சிலரை மட்டும் உள்ளே விட்டாள். தலைமாட்டில் அவள் நின்றாள். நெஞ்சுப் பக்கம், தோள் பக்கம் எல்லாம் ஒவ்வொருவர் பிடித்துக்கொண்டார்கள். எனக்குக் கால் பக்கம்தான் கிடைத்தது. மற்றவர்களுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை அவர்மீது இருந்த பொறாமை அன்று அவர்களை நோக்கித் திரும்பியது. அவர் எனக்கு இன்னும் கொஞ்சம் உரியவராக இருந்திருக்கக்கூடாதா என்று தோன்றியது. குளிப்பாட்டியவர்கள் கண்டதை வெளியில் சொல்லக்கூடாது, நல்லதைச் சொல்லலாம் என்பார்கள். நல்லதையே சொல்கிறேன். இலந்தை இலை போட்ட தண்ணீரை நான் ஊற்றிய அந்தப் பாதங்கள், நோய் மேனியையெல்லாம் தின்ற பிறகும், உறுதியாக இருந்தன.

ழுஹர் தொழுகைக்கு முன் அவரைச் சுமந்த சந்தூக்கைத் தூக்கினார்கள். நாங்கள் பெண்கள் வேலி வரைக்கும்தான். தெருமுனையில் காற்று சந்தூக்கின் பச்சைப் போர்வையைப் பிடித்து இழுத்தது. ஆண்கள் ஓரங்களைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அது மீண்டும் மீண்டும் எழும்பி எழும்பித் தணிந்துகொண்டே போனது. பிறகு வளைவில் திரும்பி மறைந்தது.

ஜெஸீமா, அல்லாஹ் உங்கள் கப்ரை விசாலமாக்கட்டும். உங்களுக்காக இந்த ஊரே கையேந்தி நின்றது. நாளை எனக்காக இதில் பாதிப்பேராவது நிற்பார்களா என்று, ஆமீன் சொல்லும்போதே நினைத்தேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? போய்ச் சேருங்கள், என் தங்கையே.