சாந்தினி ஏன் 'அண்ணே' என்றாள்

கோகிலனுக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. சுங்கை சிப்புட்டில் என் மோட்டார் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடியில் குடியிருக்கிறான். தினமும் ஈப்போவுக்குப் போய் ஒரு கடையில் பேனர் அடித்துக் கொடுக்கிறான். கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவன் கைவண்ணம்தான். ஆனால் அவனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஞாயிறு பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் அவன் வரைந்த 'மூணாவது பெஞ்சு' என்ற சித்திரக்கதை.

அதில் சீனி என்று ஒரு பையன். படிவம் ஐந்து. பதினெட்டு ஆண்டுகளாக அதே படிவம் ஐந்து, பள்ளியின் அதே கடைசி வகுப்பு! வாசகர்களுக்குப் பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளை பள்ளியை முடித்தும் சீனிக்கு மட்டும் பரீட்சை வரவேயில்லை. அவன் வகுப்பையும் கதையையும் சுற்றி இரண்டு பெண்கள். நித்யா, ஈப்போ செட்டியார் வீட்டுப் பெண். காரில் வந்து இறங்குவாள், சீனியைப் படம் பார்க்கக் கூப்பிடுவாள். சாந்தினி, ரப்பர் தோட்டத்துப் பெண், ஒரு வகுப்பு கீழே. பள்ளி விட்டதும் அம்மாவின் சாப்பாட்டுக் கடையில் நிற்பாள். சீனி அங்கே போய் மனசில் இருப்பதைச் சொல்ல வாயெடுப்பான். "என்ன அண்ணே வேணும்?" என்பாள். பயல் அப்படியே சுருங்கிப் போவான். வாரா வாரம் இதே கூத்து, வாரா வாரம் நாங்களும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஊரே இரண்டு கட்சி. நான் நித்யா கட்சி. கார் வைத்திருக்கிற பெண்ணை விட்டுவிட்டு எந்த மடையன் சோற்றுக்கடையில் போய் நிற்பான்?

அந்த மடையன் யார் என்பது எனக்குத் தெரியும். என் பட்டறைக்கு எதிரே புஷ்பலதா தேங்காய்ப்பால் சோறும் மிளகாய்ச் சம்பாலுமாய் நாசி லெமாக் கடை வைத்திருக்கிறாள். இருபத்தாறு வயதில் புருஷனை லாரி விபத்தில் பறிகொடுத்துவிட்டுத் தனியாளாகக் கடை போட்டவள். கோகிலன் தினமும் அங்கேதான் பசியாறுவான். அவள் மேல் அவனுக்கு உயிர். இன்றைக்குச் சொல்லியே தீருவது என்று போவான். "வாங்க அண்ணே, என்ன வேணும்?" என்பாள். அவ்வளவுதான். திரும்பி வந்து என் பட்டறையில் உட்கார்ந்து சீனியை வரைவான்.

"வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க? சொல்லித் தொலையேன்லா!" என்று கத்துவேன்.

"அண்ணேன்னு கூப்பிடுறா மச்சான். அதுக்கப்புறம் என்னத்தச் சொல்றது?" என்பான்.

போன மாதம் பத்திரிகை ஆசிரியர் மாணவர் பக்கத்தையே நிறுத்தப் போவதாகச் சொன்னார். பிள்ளைகள் பத்திரிகையைத் தொடுவதேயில்லையாம். கடைசி வாரத்தில் சீனி வளர்ந்து கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். யாரோடு என்பதை வாசகர்கள் பேஸ்புக்கில் சொல்லட்டும் என்றார். சொன்னார்கள். பாகான் செராயிலிருந்து ஒரு அம்மாள், 'அண்ணே என்று கூப்பிட்ட வாயால் எப்படி மாலை மாற்றுவாள்? அசிங்கம்' என்று போட்டதுதான் தாமதம், அத்தனை பேரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். நித்யா ஜெயித்துவிட்டாள்.

என் கட்சிதான் ஜெயித்தது. ஆனால் கோகிலன் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கொண்டாடத் தோன்றவில்லை. தனக்கே ஊர் கூடித் தீர்ப்புச் சொன்ன மாதிரி உட்கார்ந்திருந்தான். நித்யா கழுத்தில் தாலி வரையப் பென்சிலை எடுத்தான், கை ஓடவில்லை. பசியாறலாம் வா என்று இழுத்துக்கொண்டு போனேன்.

புஷ்பலதா கைபேசியும் கையுமாகக் கொதித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணே, சீனிய அந்தப் பணக்காரிக்கே கட்டி வைக்கப் போறீங்களாமே?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. சாந்தினி அவன அண்ணேன்னு கூப்பிட்டுட்டாளே" என்றான் கோகிலன்.

"அலாமாக்! கடையில நிக்கிற பொம்பள வேற என்னன்னு கூப்பிடுவா? பேரச் சொல்லிக் கூப்பிட்டா ஊரு சும்மா விடுமா? வர்றவன் போறவன் எல்லாரும் அண்ணேதான். அப்படிக் கூப்பிட்டாத்தான் எவனும் வம்பு பண்ண மாட்டான். அது பயத்துல கூப்பிடுறது. இது கூடவா அந்த சீனிக்குப் புரியல? ஒரே ஒரு தடவ வாயத் தொறந்து கேட்டிருந்தா அவ நிறுத்தியிருப்பா!"

மேசைக்கு அடியில் கோகிலன் காலை ஓங்கி மிதித்தேன்.

"நீயும் பயத்துலதான் கூப்பிடுறியா, புஷ்பா?" என்று கேட்டே விட்டான்.

அவளுக்கு முகமே மாறிவிட்டது. துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த மேசையைத் துடைத்தாள்.

"மொதல்ல பயத்துலதான். அப்புறம் நீங்க ஒண்ணுமே சொல்லல. நானா எப்படி நிறுத்துறது?"

"இப்பச் சொல்றேன். நிறுத்திரு."

அந்த நேரம் பார்த்து ஒரு லாரிக்காரன் வந்து நின்றான். நாசமாய்ப் போறவனே, பத்து நிமிஷம் கழித்து வந்தால் என்ன என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன அண்ணே, தாப்பாவா?" என்று கேட்டு அவனுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பினாள். பிறகு ஒரு தட்டில் சோறு போட்டு, சம்பாலும் முட்டையும் வைத்து, கோகிலனைப் பார்த்து நீட்டினாள்.

"கோகிலன்" என்றாள். பெயர் நாக்கில் கொஞ்சம் தடுக்கியது. "இதக் கொண்டுபோய் அவருக்கு வைங்க. எனக்கு இங்க வேல கெடக்கு."

அவன் எழுந்து போய் இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தான். வைத்த வேகத்தில் முட்டை உருண்டு மேசைக்கு வந்துவிட்டது. பேஸ்புக்கில் எவர் என்ன போட்டாலும் சரி, சீனிக்குக் கல்யாணம் சாந்தினியோடுதான். நித்யா கட்சிக்காரனான நான் முட்டையை எடுத்துத் தட்டில் வைத்துச் சாப்பிட்டேன்.